கல் பதிக்கும் முன் சரக்குக்கு வழி சொல்லுங்கள்: சென்னை பிராட்வே கடைத்தெருவிலிருந்து ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டாரக் கடைத்தெருக்களைப் புதுப்பிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும், அதற்குத் திட்டம் தீட்டும் பொறியாளர்களுக்கும், எங்கள் வாக்கைப் பெற்று மாநகராட்சி மன்றத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கும்,

நீங்கள் கூட்டிய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். வாசலிலேயே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே திரையில் படம் காட்டினார்கள். கேள்வி கேட்க எழுந்தவர்களிடம், நேரமில்லை, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை. வந்தது தெருமுனைச் சுவரில் ஓர் அறிவிப்பு: கடைக்காரர்களின் ஒப்புதலோடு சீரமைப்பு வேலை விரைவில் தொடங்கும் என்று. நாங்கள் எப்போது ஒப்புக்கொண்டோம் என்று விசாரித்தபோது, உங்கள் அலுவலர் ஒருவர் அந்த வருகைப் பதிவேட்டின் நகலை எடுத்துக் காட்டினார். வந்ததற்குப் போட்ட கையெழுத்தைச் சம்மதித்ததற்குப் போட்ட கையெழுத்தாக்கிவிட்டீர்கள். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருப்பதால், எதற்கு என் ஒப்புதல் உண்டு, எதற்கு இல்லை என்பதை ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டர்சன் தெருவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் எங்கள் கல்யாணப் பத்திரிகைக் கடை இருக்கிறது. மாமனார் தாள் வியாபாரமாகத் தொடங்கியது. சிவகாசியிலிருந்து வரும் அட்டைகளை வாங்கி விற்பதும், பெயர் அச்சிட்டுக் கொடுப்பதுமாக இப்போது நான் நடத்துகிறேன். நேரில் வந்து ஒரு கல்யாணத்துக்கு வாங்கிப் போகிறவர்கள் பாதி. மீதிப் பேர் விழுப்புரம், திருவண்ணாமலை, சித்தூர், நெல்லூர்ப் பக்கத்துச் சிறு அச்சகக்காரர்கள். கட்டுக் கட்டாக எடுத்துப் போவார்கள். இந்த இரண்டாம் வகையினர் குறைந்துபோனதுதான் எங்கள் கதை. எங்கள் தெருவின் கதையும் அதுதான்.

தெரு இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று கேட்பவள் அல்ல நான். வந்து பார்த்திருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். இழுத்து மூடிய ஷட்டர்கள் கூடிக்கொண்டே போகின்றன. தலைக்குமேல் எந்த ஒயர் எவருடையது என்று யாருக்கும் தெரியாது. மழை பெய்தால் வடிகால் தண்ணீரும் கழிவுநீரும் ஒன்றாகி வாசல்படிக்கு வருகின்றன. முன்பு மாடியில் குடும்பமும் கீழே கடையுமாக இருந்த வீடுகளில் இன்று மாடி முழுக்கச் சரக்கு அடைத்துக் கிடக்கிறது; இரவானால் தெருவில் விளக்குக்கூட எரிவதில்லை. 2023-24 நிதிநிலை அறிக்கையில் வட சென்னைக்கென்று 1,000 கோடி ரூபாயில் தனி வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, இனியாவது எங்கள் பக்கம் பார்வை திரும்பும் என்று மகிழ்ந்தவர்களில் நானும் உண்டு. ஆகவே புதுப்பிக்க வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. எதைப் புதுப்பிக்கிறோம் என்பது புரியாமல் தொடங்காதீர்கள் என்பதுதான்.

நீங்கள் காட்டிய படத்தில் அகலமான கிரானைட் நடைபாதை இருந்தது. தொட்டிகளில் பனைச் செடிகள், வளைவான இருக்கைகள், எல்லாக் கடைகளுக்கும் ஒரே நிறத்தில் பெயர்ப்பலகை. ஓர் இளம் ஜோடி கையில் ஐஸ்கிரீமோடு நடந்துகொண்டிருந்தது. எவ்வளவு தேடியும் அந்தப் படத்தில் ஒரு மூட்டை கண்ணில் படவில்லை. சரக்கு இழுக்கும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி இல்லை. தலைச்சுமையோடு ஒரு தொழிலாளி இல்லை. நடைபாதையில் உட்கார்ந்து விற்கும் ஒரு பெண் இல்லை. மொத்த வியாபாரத் தெருவின் படத்தில் மொத்த வியாபாரம் மட்டும் இல்லை. சரக்கை எங்கே இறக்குவது என்று என் பக்கத்துக் கடைக்காரர் கேட்டதற்கு, அது இரண்டாம் கட்டத்தில் வரும் என்று பதில் சொன்னார்கள். முதல் கட்டம் முடிவதற்குள் எங்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்போம் என்று அவர் திருப்பிக் கேட்டார். அதை யாரும் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஏதும் இல்லை. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம்தான் உங்கள் மனதில் இருக்கிறது. நானும் அங்கே போகிறேன். பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுந்து வர நன்றாகத்தான் இருக்கிறது. வாகனமே இல்லாத சாலை என்று தொடக்கத்தில் பேசப்பட்டது நடக்கவில்லை; இன்றும் அங்கே வண்டிகள் ஓடுகின்றன. அது போகட்டும். தியாகராய நகருக்கு வருபவர் ஒரு புடவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடப்பார். எங்களிடம் வருபவர் ஆயிரம் பத்திரிகையைக் கட்டி எடுத்துக்கொண்டு எப்படி வெளியே போவது என்று விழிப்பார். இரண்டும் கடைத்தெருதான். ஆனால் ஒன்றுக்குத் தைத்த சட்டையை மற்றொன்றுக்கு மாட்டினால் தோள்பட்டையிலேயே கிழியும்.

எங்கள் வட்டாரம் எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்கிறேன். ஒரு கல்யாண வீட்டார் காலையில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் அம்மா, அத்தை, கூடவே பணப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு சித்தப்பா. முதலில் ஆண்டர்சன் தெருவில் பத்திரிகை. மாதிரிகளைப் புரட்டுவதிலேயே முற்பகல் போய்விடும். பிள்ளையார் படம் இடப்பக்கமா நடுவிலா என்று அத்தைக்கும் அம்மாவுக்கும் ஒரு சின்னச் சண்டை நடக்காமல் எந்தப் பத்திரிகையும் முடிவானதில்லை. பெயர் எழுதிக் கொடுத்து முன்பணம் கட்டியதும், எங்கள் கடை வாசலிலேயே மஞ்சள் குங்குமப் பொட்டலமும் தாம்பூலப் பையும் விற்கும் அம்மாவிடம் விலை கேட்பார்கள். பிறகு தேவராஜ முதலி தெருவில் வருகிறவர்களுக்குக் கொடுக்க டப்பாக்கள், கிண்ணங்கள். கோடவுன் தெருவில் எடுத்துக் கொடுக்க வேண்டிய வேட்டி துண்டு. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் முந்திரி, திராட்சை, ஏலக்காய். நகைக்கு என்.எஸ்.சி. போஸ் சாலை. நடுவில் கந்தகோட்டத்தில் முருகனுக்கு ஒரு கும்பிடு. பூக்கடைப் பக்கம் மாலைக்குச் சொல்லிவைத்தால் வேலை முடிந்தது. இவ்வளவும் நடந்தே சுற்றிவிடக் கூடிய தொலைவு. சென்னையில் வேறெங்கும் ஒரு கல்யாணத்தை ஒரே நாளில், கால்நடையாக, மொத்த விலைக்கு வாங்க முடியாது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி போனால் அடுத்த கடைக்கும் ஆள் வருவதில்லை. என் பத்திரிகைக்காக மட்டும் யாரும் எங்கள் பாரிமுனை வட்டாரத்துக்கு வரப்போவதில்லை. அட்டையை எந்த ஊரிலும் அச்சடிக்கலாம். எல்லாம் இங்கே கிடைக்கிறது என்பதால்தான் வருகிறார்கள். உங்கள் திட்டமோ ஒரு தெருவை எடுத்துக்கொண்டு அதன் முகப்பை மட்டும் பார்க்கிறது. அடுத்த தெருவின் வடிகால் அடைத்திருந்தால், நடக்கும் வழியில் ஒரு திருப்பத்தில் மீடியன் கம்பி போட்டு மறித்திருந்தால், அந்த அத்தை முழங்கால் வலி என்று ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போய்விடுவார். இந்தத் தெருக்களைப் பாதசாரியாகச் சுற்றிப் பார்த்து வரைந்த படமாக அது தெரியவில்லை.

எங்கள் தேய்வுக்கு நீங்கள் மட்டும் காரணம் என்று பழி போட மாட்டேன். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பெரியவர்களுக்கு மட்டும் ஐம்பது அட்டை அடிக்கிற காலம் இது. அதை எந்த அரசாங்கமும் திருப்ப முடியாது, திருப்பவும் வேண்டாம். ஆனால் மற்றவை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு நல்ல காரணத்தோடு எடுத்த முடிவுகளால் வந்தவை. 1996இல் எங்கள் வட்டாரத்துக் கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. நெரிசலுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம்; அதோடு விடியற்காலைக் கூட்டமும், அவர்களை நம்பியிருந்த சாப்பாட்டுக் கடைகளும் போயின. 2002 நவம்பரில் வெளியூர்ப் பஸ்கள் கோயம்பேட்டுக்குப் போயின. அதுவரை விழுப்புரத்துக்காரர் பாரிமுனையில் இறங்கினால் நடந்தே கடைக்கு வந்துவிடுவார். மாலையில் கட்டுகளைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். 2018இல் ஆந்திரப் பஸ்கள் மாதவரத்துக்கு மாறின. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. இப்போது தெற்கிலிருந்து வருபவர் முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலேயே இறங்கி, அங்கிருந்து மாநகரப் பஸ்ஸோ மின்சார ரயிலோ பிடித்து எங்களிடம் வரவேண்டும். திரும்பும்போது கையில் சரக்கும் இருக்கும். அவருக்குப் பாதி நாள் வழியிலேயே போய்விடுகிறது. அவர் தொலைபேசியில் சிவகாசிக்கே நேரடியாகச் சொல்லி வாங்கிக்கொள்வதில் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

2019 பிப்ரவரியில் மெட்ரோ வந்தது. உயர் நீதிமன்றம், மண்ணடி என்று இரண்டு நிலையங்கள் எங்களுக்குக் கிடைத்தன. வேலை நடந்த ஆண்டுகளின் புழுதியைப் பொறுத்துக்கொண்டதற்கு நல்ல பலன்தான். வாங்குபவர்கள் வருகிறார்கள். ஆனால் மூன்று கட்டுப் பத்திரிகையோடும் ஒரு சாக்கு முந்திரியோடும் யாரும் மெட்ரோவில் ஏறிப் போக முடியாது. ஆட்கள் வரும் வழியைப் பற்றி இருபது ஆண்டுகளாக எவ்வளவோ பேசியாகிவிட்டது. சரக்கு போகும் வழியைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேச்சு வரவில்லை.

எங்கள் தினசரிப் பாட்டைக் கேளுங்கள். பகல் நேரத்தில் பெரிய வண்டி உள்ளே வரத் தடை. சரி, இரவில் வரட்டும் என்றால், இரவில் கடை திறந்து வைக்க ஆளில்லை. சுமை தூக்குபவர்கள் கடைசிப் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். ஆகவே லாரி எங்கோ பார்சல் கிடங்கில் நின்றுவிடும். அங்கிருந்து மீன்பாடி வண்டியில் வர வேண்டும். மீன்பாடி வண்டியை நிறுத்த இடமில்லை, நிறுத்தினால் அபராதம். அபராதம் கட்டியதை வண்டிக்காரர் கூலியில் ஏற்றிக் கேட்பார், அதுவும் நியாயம்தான். ஒரு கட்டுப் பத்திரிகை சிவகாசியிலிருந்து சென்னை வரை வருவதற்கு ஆகும் செலவும், சென்னைக்குள் கடைசி ஒரு கிலோமீட்டர் வருவதற்கு ஆகும் செலவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிற நாட்கள் உண்டு. இந்த லட்சணத்தில், இருக்கிற சாலையிலும் பாதியை நடைபாதையாக்கி, மீதியில் இருக்கைகள் போடப்போகிறீர்கள். அந்த இருக்கைகளில் எங்கள் கட்டுகள்தான் உட்காரும்.

நடைபாதை வியாபாரிகளைப் பற்றி உங்கள் திட்டத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: அடுக்கு வளாகம் ஒன்றுக்கு மாற்றப்படுவார்கள். கடை வைத்திருப்பவள் என்பதால் நான் இதை வரவேற்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சில கடைக்காரர்கள் வரவேற்கிறார்கள், மறைக்கவில்லை. நான் வரவேற்கவில்லை. என் வாசலில் தாம்பூலப் பை விற்கும் அம்மா என் வியாபாரத்தைக் கெடுப்பவர் அல்ல. அவரிடம் வந்த கூட்டம் என் கண்ணாடி அலமாரியைப் பார்த்து உள்ளே வருகிறது, என்னிடம் வந்தவர்கள் வெளியே போகும்போது அவரிடம் நிற்கிறார்கள். நாலாவது மாடிக்கு ஏறி யாரும் குங்குமப் பொட்டலம் வாங்க மாட்டார்கள்.

இந்த ஊரில் இதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. 1985 மே மாதம், பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் எரிந்தது. அங்கிருந்தவர்களுக்கு அல்லிக்குளத்தில் வணிக வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். பழைய புத்தகம் தேடிச் சென்னை முழுவதும் அலைபவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு அல்லிக்குளம் தெரியும் என்று. வக்கீல்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். கடைகளுக்காக எழுந்த அந்த வளாகத்தில் நீதிமன்றங்கள் நடந்தன. 2013இல் பாண்டி பஜார் நடைபாதைக்காரர்களை அடுக்கு வளாகத்துக்குள் அனுப்பினார்கள். படியேறி வர ஆளில்லை என்று அவர்கள் புலம்பியதைப் பத்திரிகைகளில் படித்தோம். அதற்கெல்லாம் முன்னால், எங்கள் வட்டாரமே பெயர்த்து நடப்பட்டதுதான். கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்துவிட்டு, இதற்கு இந்தப் பக்கம் யாரும் கட்டக் கூடாது என்று ஆங்கிலேயர்கள் 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று இன்னும் பாரிமுனையில் நிற்கிறது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் குடிமக்களிடம் கருத்துக் கேட்கவில்லை, அது புரிகிறது. உங்களுக்கு அப்படி ஒரு சாக்கு இல்லை.

சட்டமும் உங்களுக்குத் தெரியாததல்ல. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. தெரு வியாபாரம் பற்றி முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. இடமாற்றத்தைக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது. 50 ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரம் நடக்கும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அதன் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் உருவான பர்மா பஜாரே ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதைவிடப் பழைய எங்கள் தெருக்களுக்கு என்ன குறை? உங்கள் அறிவிப்பில் இந்தச் சட்டத்தின் பெயர்கூட வரவில்லை.

அடுத்து, கூட்டத்தில் பேச எனக்கே தயக்கமாக இருந்த ஒன்று. மேடையில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். இந்தத் தெருக்களில் பத்திரிகை மடிப்பதும், உறை ஒட்டுவதும், பெட்டி கட்டுவதும், கணக்கு எழுதுவதும் பெரும்பாலும் பெண்கள். வியாசர்பாடியிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார்கள், சிரிப்பார்கள். என் கடை இருக்கும் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கழிப்பறை இருக்கிறது. மூன்று கடைகளுக்கு அதுதான். அது இல்லாத கடைகளில் வேலை செய்பவர்கள் சிறுநீர்க் கடுப்போடும் கல்லடைப்போடும் மருந்துக் கடையில் நிற்பதை நான் பார்க்கிறேன். கல்யாணச் சாமான் வாங்க வருபவர்களும் பெண்கள்தாம். முற்பகலில் ஆண்டர்சன் தெருவில் தொடங்கியவர்கள் கோவிந்தப்ப நாயக்கன் தெருவரை போகாமல் திரும்பிவிடுவதற்கு வெயில் பாதிக் காரணம் என்றால், இது மீதிக் காரணம். பொதுக் கழிப்பறை என்று ஒன்று பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மாலையானால் விளக்கு இல்லை, வாசலில் குடித்துவிட்டுக் கிடப்பவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். இதைப் பற்றி எழுதிக் கொடுத்த மனுக்களுக்குப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை மட்டும் கிடைத்தது. உங்கள் படத்தில் செயற்கை நீரூற்று ஒன்று இருந்தது. அதற்குத் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் மின்சாரமும் தேவை. கழிப்பறைக்குத் தேவையானதும் அவைதாம்.

வாடகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் போடும் கல்லுக்கான விலையை நாங்கள் அதில்தான் கொடுக்கப் போகிறோம். எங்களில் பலர் வாய்வார்த்தையில் தலைமுறைகளாக இருப்பவர்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்றது, நல்லதுதான். ஆனால் ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி இடத்தைத் திரும்பக் கேட்கவும் அது வழி வைத்திருக்கிறது. உரிமையாளர்களையும் குறை சொல்ல முடியாது. பழைய வாடகையில் ஓடு மாற்றக்கூடக் காசு மிஞ்சியிருக்காது. ஆனால் தெரு பளபளப்பானதும் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாடகை ஏறும். தாள் விற்பவரும், மணி விற்பவரும், பித்தளைத் திருகு விற்பவரும் அதைத் தாங்க மாட்டார்கள். செல்பேசிக் கடைகளும் காபிக் கடைகளும் வரும். அவற்றுக்காக யாரும் சித்தூரிலிருந்து வர மாட்டார்கள். பொதுப் பணத்தில் தெருவைப் புதுப்பித்து, அந்தத் தெருவை உண்டாக்கியவர்களை வெளியே அனுப்புவதற்கு என் கையெழுத்து இல்லை.

மாடிகளில் அடைந்திருக்கும் சரக்கு தாள், பிளாஸ்டிக், துணி, ரசாயனம். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள் எவை என்று ஒவ்வொரு கடைக்காரருக்கும் தெரியும். இந்தத் திட்டத்தில் தீ என்ற சொல்லே இல்லை. மூர் மார்க்கெட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இந்தத் தெருக்களில் வியாபாரம் செய்கிறார்கள்.

தோண்டுவதைப் பற்றிக் கொஞ்சம். சில ஆண்டுகளுக்கு முன் வடிகாலுக்காக எங்கள் சந்தின் தரையைப் பிளந்தார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் தொடங்கிய வேலை தீபாவளி தாண்டியும் முடியவில்லை. பிறகு வடகிழக்குப் பருவமழை வந்து பள்ளத்தைக் குளமாக்கியது. பலகையின் மேல் நடந்து கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். மூடியபின் மின்வாரியத்துக்காக ஒருமுறை, கேபிளுக்காக ஒருமுறை அதே இடத்தை மறுபடி தோண்டினார்கள். எங்கள் தொழிலில் ஆடியும் மார்கழியும் சும்மா இருக்கிற மாதங்கள். எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தாலும் தெரியும். ஆடியில் தோண்டி ஆவணிக்குள் மூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

இனி நான் கேட்பவை. அந்த ஒப்புதல் அறிவிப்பை முதலில் கிழித்துவிடுங்கள். வருகைப் பதிவேட்டைச் சம்மதப் பத்திரமாகப் பயன்படுத்தியது தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். முழு வரைபடத்தையும், செலவுக் கணக்கையும், எந்த வேலை எந்த மாதம் என்பதையும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு தெருமுனையிலும் ஒட்டுங்கள். 2022இலிருந்து வார்டு மக்களைக் கூட்டிப் பேசும் பகுதி சபைகள் நடக்கின்றன அல்லவா, எங்கள் வார்டுகளின் பகுதி சபைகளில் இந்தத் திட்டத்தை மட்டும் பொருளாக வைத்துப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் கூட்டுங்கள், சுமை தூக்குபவர்களையும் மீன்பாடி வண்டிக்காரர்களையும் கடைகளில் வேலை செய்யும் பெண்களையும் அழையுங்கள், பேசியதைக் குறிப்பெடுத்து எங்களிடம் படித்துக் காட்டியபின் கையெழுத்துக் கேளுங்கள்.

கல் பதிக்கும் ஒப்பந்தம் விடுவதற்கு முன் சரக்குக்கான திட்டத்தை முடிவு செய்யுங்கள். எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எவ்வளவு பெரிய வண்டி நின்று இறக்கலாம் என்பதற்குத் தெளிவான நேரப்பட்டியல் வேண்டும். காலையில் கடை திறக்கும் முன் ஒரு பொழுது, மதியம் ஒரு பொழுது போதும். மீன்பாடி வண்டிகளுக்கு எண்ணிட்ட நிறுத்தங்கள் வேண்டும். வெளியூர் வியாபாரி கடையில் பணம் கட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போக, அவருடைய கட்டுகள் கிளாம்பாக்கத்திலோ மாதவரத்திலோ அவருக்குக் கிடைக்கும்படி ஒரு பொதுச் சரக்குச் சேவையைப் போக்குவரத்துத் துறையோடு பேசி ஏற்படுத்துங்கள். திட்டத்தில் உள்ள எல்லா யோசனைகளையும்விட இது ஒன்று எங்களுக்கு அதிக உயிர் கொடுக்கும்.

நடைபாதை வியாபாரிகளின் கணக்கெடுப்பு எங்கள் தெருக்களில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெளியிடுங்கள். அது முடிந்து, விற்பனைக் குழு கூடி முடிவெடுக்கும்வரை ஒருவரையும் நகர்த்தாதீர்கள். இந்தத் தெருக்களைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கும் தீர்மானத்தை அடுத்த மன்றக் கூட்டத்திலேயே கொண்டுவாருங்கள். நீரூற்றுக்கு ஒதுக்கிய தொகையைப் பெண்களுக்கான கழிப்பறைகளுக்கு மாற்றுங்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஊதியம் பெறும் ஆட்கள் இரவு எட்டு மணிவரை இருக்க வேண்டும். முகப்பைப் புதுப்பிக்க உதவித்தொகையோ சொத்து வரிச் சலுகையோ தருவதாக இருந்தால், இருக்கும் வாடகைதாரரோடு நீண்டகால ஒப்பந்தம் பதிவு செய்யும் உரிமையாளருக்கு மட்டும் கொடுங்கள். தீயணைப்புத் துறையை அழைத்து ஒவ்வொரு சந்தின் அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நடைபாதையின் அகலத்தை அந்த அளவுக்குப் பிறகு தீர்மானியுங்கள். தரைக்கடியில் போக வேண்டிய எல்லாத் துறைகளும் ஒரே முறை தோண்டட்டும், ஆடியில் தொடங்கட்டும், கெடு தாண்டிய ஒவ்வொரு வாரத்துக்கும், பள்ளத்துக்கு முன்னிருக்கும் கடைகளின் தொழில் உரிமக் கட்டணத்தையும் தொழில் வரியையும் விட்டுக்கொடுங்கள்.

இவற்றுக்கு எழுத்துமூலப் பதிலை முப்பது நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், இந்த மடலின் நகலோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனி மனுவாக அனுப்புவோம். அந்த மனுக்களில் கையெழுத்திடப் போகிறவர்கள், எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று முழுதாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திடுவார்கள்.

இப்படிக்கு,
பிராட்வே பக்கத்துச் சந்தொன்றில் கல்யாணப் பத்திரிகைக் கடை நடத்துபவள்